ஆசைக் கோபுரமும் பிரார்த்தனைக் கோபுரமும்



காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைப் படியேறும் எவரும் முதலில் கேட்பது 'அசலா?' என்றுதான். சரிகை அசலா, கோர்வை அசலா, கைத்தறியா, விசைத்தறியா என்ற ஐயங்கள் இவ்வூரின் காற்றிலேயே கலந்திருக்கின்றன. பழையது அசல், புதியது அதன் நகல் என்பது எங்கள் கடைத்தெருவின் பொதுக்கணக்கு. அதே கேள்வியை ஒரு வீடியோ கேமிடம் கேட்டால் விடை வேறுவிதமாக வருகிறது. பிள்ளைகளின் கைப்பேசியில் என்ன ஓடுகிறது என்று கவலைப்படும் பெற்றோருக்குப் பயன்படலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

விளையாட்டின் பெயர் 'ஃபைனல் ஃபேண்டஸி 4'. ஒரு வீரன் தனியே வாள் வீசும் ஆட்டம் அன்று இது. ஐந்து பேர் வரை கொண்ட ஒரு குழுவை நாம் வழிநடத்த வேண்டும். ஒருவர் தாக்குவார், ஒருவர் காப்பார், ஒருவர் காயம் ஆற்றுவார். ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் ஹிரோனோபு சகாகுச்சியின் இயக்கத்தில் உருவாக்கி, 1991 ஜூலையில் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் அது அமெரிக்காவுக்கு 'ஃபைனல் ஃபேண்டஸி 2' என்ற பெயரில் சென்றது; இடையிலிருந்த இரண்டு பாகங்கள் அங்கே வெளிவராததே காரணம். ஷார்ஜாவில் வேலை பார்த்த என் சாச்சா 1990களின் நடுவில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்த அமெரிக்கக் கேசட்டைத்தான்.

கதையின் நாயகன் செசில், பாரன் நாட்டின் படைத்தலைவன். மன்னனின் ஆணைப்படி மிசிடியா என்னும் ஊரைத் தாக்கி, அவ்வூரார் காத்துவந்த படிகத்தைப் பறித்துவருவதிலேயே கதை தொடங்குகிறது. ஆணையை நிறைவேற்றிய கையோடு அவன் மனம் உறுத்தத் தொடங்குகிறது. பிறகு கடல் அவனைத் தோழர் எவருமின்றி அதே மிசிடியாவின் கரையில் கொண்டுபோய்ப் போடுகிறது. தான் யாருக்கு அநீதி இழைத்தானோ அவர்கள் தெருவிலேயே நடந்து, அவர்களுடைய வெறுப்பைத் தாங்கி, அவ்வூர்ப் பெரியவரின் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது. பாதிக்கப்பட்ட அடியார்களின் மன்னிப்பைப் பெறாமல் அடியார்களின் ஹக்கு தீராது என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. இறுதிப் போரில் செசிலின் குழு வீழ்ந்து கிடக்கும்போது, மிசிடியாவின் கோபுரத்தில் கூடிய அவ்வூர்ப் பெரியவரும் பழைய தோழர்களும் அவர்களுக்காகப் பிரார்த்திக்கிறார்கள். அநீதிக்கு ஆளானவரின் துஆவை அஞ்சும்படி நம் பெரியவர்கள் எச்சரிப்பார்கள். இங்கே அநீதிக்கு ஆளான ஊரே, அதை இழைத்தவனுக்காகக் கையேந்துகிறது.

இந்தக் கோபுரத்தின் ஜப்பானியப் பெயர் பிரார்த்தனைக் கோபுரம் என்ற பொருள் தருவது. சாச்சாவின் கேசட்டிலோ அதன் பெயர் 'டவர் ஆஃப் விஷஸ்'. ஆசைகளின் கோபுரம்! அக்காலத்தில் அமெரிக்க நிண்டெண்டோ தன் கருவிகளில் வரும் விளையாட்டுகளில் மதம் சார்ந்த சொற்களைத் தவிர்த்துவந்தது. எவரையும் புண்படுத்தக் கூடாது என்ற வணிக எச்சரிக்கைதான், வேறு பகைமை இல்லை. 'ஹோலி' என்ற மந்திரம் 'ஒயிட்' ஆனது. கதாநாயகி ரோசாவுக்கு ஜப்பானியப் பதிப்பில் 'பிரார்த்தனை' என்றே ஒரு கட்டளை உண்டு. குழுவினரின் காயங்களை ஆற்றும், சில நேரம் பலிக்கும், சில நேரம் பலிக்காது. அமெரிக்கப் பதிப்பில் அந்தக் கட்டளையே நீக்கப்பட்டது. மதத்தோடு தொடர்பில்லாதவையும் தப்பவில்லை: கட்டப்பட்ட ரோசாவின் தலைக்குமேல் தொங்கும் கத்தி, ஓர் இரும்புக் குண்டாக மாறியது. ஆட்டமும் எளிதாக்கப்பட்டது. ஆக, ஆங்கிலம் படித்தவர் 'அசல்' என்று போற்றும் கேசட்டே சுருக்கப்பட்ட நகல்தான்.

விட்டுப்போனவை பிந்தைய பதிப்புகளில்தான் ஆங்கிலத்துக்குத் திரும்பின. 2007 டிசம்பரில் ஜப்பானிலும் மறு ஆண்டு பிற நாடுகளிலும் வந்த நிண்டெண்டோ டிஎஸ் பதிப்பு முழு மறு ஆக்கம்: முப்பரிமாண உருவங்கள், பேசும் குரல்கள், முன்பைவிடக் கடினமான போர்கள். 1991இல் முதன்மை வடிவமைப்பாளராக இருந்த தகாஷி டோகிட்டாவே இதையும் முன்னின்று நடத்தினார். கேசட்டின் நினைவகம் போதாமல் அன்று கதைவசனத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைக்க நேர்ந்ததை அவரே சொல்லியிருக்கிறார். டிஎஸ் பதிப்பில் வில்லனின் இளமைக்காலம் புதிய காட்சிகளாக வருகிறது. எனக்கு அவை பிடிக்கும். குரல்கள்தாம் சற்று நாடகத்தனம்.

2021 செப்டம்பரில் கணினிக்கும் கைப்பேசிக்கும் வந்த 'பிக்சல் ரீமாஸ்டர்' எதிர்த்திசையில் சென்றது. பழைய புள்ளி உருவங்களையே மீண்டும் வரைந்தார்கள். அன்று வரைந்த கசுகோ ஷிபுயாவே இப்போதும் வரைந்தார். இதன் அருமை எங்கள் ஊர்க்காரருக்கு விளங்கும். என் அத்தா ஜக்கார்டு அட்டைக்காகக் கட்டம் போட்ட தாளில் அன்னமும் யாளியும் வரைந்தவர். ஒரு கட்டம் தவறினால் அன்னத்தின் அலகு கோணிப்போகும். நடக்கும் செசிலுக்கு இருந்ததும் 16க்கு 16 கட்டங்கள்தாம். அதற்குள் ஒரு மனிதனின் தலைகுனிவைக் காட்டியவர் மறுபடியும் அதே கட்டங்களுக்கு வந்து உட்காருவதை நகலெடுப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆங்கில எழுத்துருவை மட்டும் கெடுத்துவைத்தார்கள். பலரும் முறையிட்ட பிறகு 2023இன் கன்சோல் பதிப்பில் பழைய பாணி எழுத்துருவையும் சேர்த்தார்கள்.

இனி, வீட்டுக்குள் உண்மையில் வழக்காடப்படும் செய்திக்கு வருகிறேன்: தொழுகை நேரம். பழைய கேசட்டில் திறந்த வெளியில்தான் ஆட்டத்தைச் சேமிக்கலாம்; குகைக்குள் நுழைந்துவிட்டால் குறிக்கப்பட்ட ஓரிரு இடங்களில் மட்டும். அஸர் பாங்கு சொல்லும்போது குகை நடுவில் நிற்பவன் 'இன்னும் ஐந்தே நிமிடம்' என்பான். கருவியை அணைக்காமல் விட்டுப் பள்ளிக்குப் போனால், திரும்புவதற்குள் மின்வெட்டு வந்து ஒரு மணி நேர உழைப்பை விழுங்கியிருக்கும். அந்த ஐந்து நிமிடம் வடிவமைப்பிலேயே இருந்தது, பிள்ளையின் பிடிவாதத்தில் மட்டுமன்று. பிக்சல் ரீமாஸ்டரில் போர் முடிந்தவுடன் எந்த இடத்திலும் சேமிக்கலாம். இடம் மாறும்போது தானாகவும் சேமிக்கிறது. 13 வயதான என் மகனுக்கு இந்த விளையாட்டை அனுமதித்தபோது நான் போட்ட ஒரே நிபந்தனை இதைச் சார்ந்ததே: பாங்கு சொன்னால் சேமி, எழு. சாக்குச் சொல்ல அவனுக்கு வழியில்லை. கதையில் வரும் மந்திரமும் பிரார்த்தனையும் கற்பனை உலகத்தின் வழக்கம், நமது துஆ அன்று என்பதையும் சொல்லிவைத்தேன். அதை அவன் எனக்கு முன்பே அறிந்திருந்தான்.

புதியதில் எல்லாமே நன்மை என்று சொல்ல மாட்டேன். போரைத் தானாகவே நடத்தும் ஒரு பொத்தான் இருக்கிறது; அழுத்திவிட்டால் குழுவினர் அதே தாக்குதலைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். சோதனை மலையின் உச்சியில் செசில் தன்னுடைய பழைய இருண்ட உருவத்தை எதிர்கொள்கிறான். அந்தப் போரில் வாளை ஓங்காமல், அடியைத் தாங்கி நிற்பவனே வெல்வான். என் மகன் பொத்தானை அழுத்திவிட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தான். திரையில் செசில் தன்னையே வெட்டிக்கொண்டிருந்தான்.

"அத்தா, இவன் சாகவே மாட்டேங்கிறான்!"

"நீ அடிக்காமல் இருந்து பாரேன்."

பொத்தானை அணைத்தான். நான்கைந்து அடிகளை வாங்கிக்கொண்டு காத்திருந்தான். போர் முடிந்ததும் அவன் எதுவும் பேசவில்லை. அந்த வசனங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் படித்தான்.

அதற்குப் பின் அந்தப் பொத்தானைச் சில்லறைச் சண்டைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டான். இப்போது பாதாள உலகத்தில் இருக்கிறான். பொதுத்தேர்வுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் அவன் அக்கா, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்துப் பார்க்கிறாள். நிலவுக்குப் போக இன்னும் சில வாரங்கள் ஆகும். கோபுரத்தின் பெயர் ஒரு காலத்தில் வேறாக இருந்தது என்பதை நான் அவனிடம் இன்னும் சொல்லவில்லை.