எல்மினாவின் ஒடுங்கிய வாயில்

மேற்கு ஆபிரிக்காவில், கானா நாட்டின் தென்கரையில் எல்மினா என்றொரு பட்டினம் உண்டு. அதன் தென்னைகளும், காயலில் நெருங்கி நிற்கும் வண்ணத் தோணிகளும், மீன் விற்போரின் ஆரவாரமும் நம் வடபகுதிக் கரையூர்களையே எமக்கு நினைவூட்டின. காயற் பாலத்தைக் கடந்தபோது, வெண்சுவர்ப் பெருங்கோட்டையொன்று கடலோரத்தில் நிமிர்ந்து நிற்கக் கண்டோம்.

1482 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் இதனைக் கட்டத் தொடங்கினர். செதுக்கிய கற்களைத் தம் நாட்டிலிருந்தே கப்பலேற்றிக் கொணர்ந்தனர். அவர்கள் நாடி வந்தது பொன்னை. ‘மினா’ என்பது அவர்கள் மொழியிற் சுரங்கத்தைக் குறிக்கும். ஆயின் காலப்போக்கிற் பொன் வாணிகத்தை ஆள் வாணிகம் விஞ்சிற்று. 1637 இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். 1872 இல் அஃது ஆங்கிலேயர் வசமாயிற்று. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்னும் இவ்வரிசை நம் மாணாக்கர்க்குப் புதியதன்றே!

வழிகாட்டியுடன் உள்ளே சென்றோம். முற்றத்தின் நடுவே போர்த்துக்கேயரின் பழைய தேவாலயம் நிற்கிறது. ஒல்லாந்தர் அதனை வாணிக மண்டபமாக்கி, தமக்கென வேறொரு செபமண்டபம் அமைத்துக்கொண்டனர். கீழே காற்றும் ஒளியும் புகாத அறைகள். அவற்றிலேதான் கப்பல் வரும்வரை மனிதரை அடைத்து வைத்தனர். மேலே துதி, கீழே அழுகை! இரண்டையும் ஒரே கூரை தாங்கி நின்றதை எண்ண நெஞ்சு நடுங்கிற்று.

இறுதியில் ஓர் ஒடுங்கிய வாயிலைக் கண்டோம். ஒருவர்பின் ஒருவராகவே அதில் நுழைதல் கூடும். அதன் வழியே சென்றோர் மீண்டதில்லை. பிரேசில், சூரினாம், கரீபியன் தீவுகள் ஆகியவற்றின் கரும்புத் தோட்டங்களே அவர்களுக்கு விதிக்கப்பட்ட இடங்கள். ஒல்லாந்து இவ்வாணிகத்தைத் தடை செய்தது 1814 இலேதான்.

உள்நாட்டுப் போர்களிற் பிடிபட்டோரை ஆபிரிக்கத் தலைவர்களும் தரகர்களுமே கொணர்ந்து விற்றனர் என்பதையும் வழிகாட்டி மறைத்தாரில்லை. தம்மவர் பிழையையும் பிறர் முன்னிலையில் உரைத்த அந்நேர்மை எம்மைச் சிந்திக்க வைத்தது.

நாம் அங்ஙனம் உரைக்கின்றோமா? காணி, சீதனம் பற்றிய வழக்குகளில் இன்றும் எடுத்தாளப்படும் தேசவழமையை 1706–1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்தனர். அதில் அடிமைகள் பற்றியும் விதிகள் இருந்தன. அவ்வழக்கத்தை ஒல்லாந்தர் கப்பலிற் கொண்டுவரவில்லை. நம் முன்னோரிடம் கேட்டே எழுதிக்கொண்டனர். சிலர் பிறப்பினாலேயே அடிமைகளாய், பிறர் வீட்டு உடைமையாய் எண்ணப்பட்ட காலம் அது. இலங்கையிற் சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தது 1844 இலேயாம். சட்டம் நீக்கியதை மனம் நீக்குதற்கு அதனினும் நெடுங்காலம் சென்றது. முற்றும் நீங்கிற்று என்று இன்றும் துணிந்து கூறுவார் யார்?

எல்மினாக் கோட்டை 1979 இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. இன்று அதன் இருட்டறைகளில் மலர்வளையங்கள் வைக்கப்படுகின்றன. யாழ்ப்பாணக் கோட்டையைக் காணப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், அந்நியர் நமக்கு இழைத்ததைக் கூறுவதோடு, நம்முள் நாமே இழைத்ததையும் கூறுவார்களாக. அறிந்த பிள்ளை அதனை மீண்டும் செய்யத் தயங்கும்.