ஆடும் நாற்காலியும் ஆகாயமும்

பேரன் கேட்டது ஒரு நாற்காலி. விலை சுமார் நாலு லட்சம் ரூபாய்.

ரயில்வே பணிமனையில் முப்பத்தெட்டு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மைசூர் அசோகபுரத்தில் வீடு. இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டு நாற்காலிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் செலவழித்தது இதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் பேரன் கேட்டது சாதாரண நாற்காலி அல்ல. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும்போது கூடவே அசையும் இருக்கை அது. திரையில் விமானம் மூக்கைத் தூக்கினால் நாற்காலி பின்னால் சாயும். இறக்கை சரிந்தால் பக்கவாட்டில் சரியும். ஓடுபாதையில் சக்கரம் உரசினால் குலுங்கும்.

அவனுக்குப் பதினேழு வயது. என் மகளின் ஒரே மகன். மண்டகள்ளி விமான நிலையத்திலிருந்து கிளம்பும் சின்னப் பயிற்சி விமானங்களைப் பார்த்தே வளர்ந்தவன். மைசூர் சமஸ்தானத்தின் காலத்தில், 1940களில் உருவான அந்த நிலையம் வெகுகாலம் தூங்கிக் கிடந்து 2010இல் மறுபடி விழித்துக்கொண்டது. நஞ்சன்கூடு சாலையில் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்தச் சொல்வான். 2020இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் விமான சிமுலேட்டரைப் புதிதாக வெளியிட்டபோது, ஊரடங்கால் பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தது. அன்று பிடித்தான் ஜாய்ஸ்டிக்கை, இன்னும் விடவில்லை.

"தாத்தா, நான் பைலட் ஆகப்போறேன். அதுக்கு இது உதவும். விளையாட்டுக்குக் கேக்கலை" என்றான்.

என் மகள் வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் ஓய்வுப் பணத்தைப் பற்றிப் பேச அவளுக்குச் சங்கடம். அவள் பேசாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது எனக்குத் தெரியும்.

வாங்குவதானாலும் மறுப்பதானாலும் காரணம் தெரிந்து செய்யவேண்டும் என்பது பணிமனையில் கற்ற பழக்கம். விசாரித்தேன். அடியில் இரண்டு மோட்டார் வைத்து முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மட்டும் சாயும் இருக்கை, வெளிநாட்டில் ஒன்றரை ஆயிரம் டாலரிலிருந்து மூவாயிரம் டாலர் வரை. மூன்று அச்சு, ஆறு அச்சு என்று போனால் விலையும் படியேறுகிறது. அதன்மேல் கப்பல் செலவு, சுங்கவரி. கைப்பிடி, கால் மிதிகள், இவற்றையெல்லாம் இழுக்கக்கூடிய கம்ப்யூட்டர் தனி. பழுதானால் மோட்டாரை எங்கே அனுப்புவது என்பதற்கு யாரிடமும் தெளிவான பதில் இல்லை.

யந்திரத்தின் பூர்வீகத்தைத் தேடியபோது எனக்கே ஆர்வம் வந்துவிட்டது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929இல் செய்ததுதான் இந்த வகையறாவின் முன்னோடி. அவருடைய தகப்பனார் ஆர்கன், தானியங்கிப் பியானோ செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கனில் காற்று ஊதும் துருத்திகளையே அடியில் பொருத்தி, ஒரு பெட்டியை விமானம் போல ஆடவைத்தார் மகன். முதலில் அதை வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்கள்தான். 1934இல் அமெரிக்க ராணுவம் விமானத் தபால் சேவையை ஏற்று நடத்தப்போய், மோசமான வானிலையில் விமானிகள் அடுத்தடுத்து இறந்தபோதுதான் லிங்கின் பெட்டியை ராணுவம் வாங்கியது. கேளிக்கைப் பொருளா, பயிற்சிக் கருவியா என்ற கேள்வி இதன் ஜாதகத்திலேயே இருக்கிறது.

இன்று விமான நிறுவனங்கள் பயன்படுத்தும் பெரிய சிமுலேட்டர்கள் ஆறு கால்களின் மேல் நிற்பவை. டயர்களைச் சோதிக்க டன்லப் நிறுவனத்தில் எரிக் காஃப் 1950களில் அமைத்த யந்திரத்திலும், 1965இல் ஸ்டூவர்ட் என்பவர் வெளியிட்ட கட்டுரையிலும் இந்த அமைப்பின் வேர் இருக்கிறது. அனுபவமுள்ள விமானி ஒருவர் புதிய ரக விமானத்துக்கு மாறும்போது பயிற்சியின் பெரும்பகுதியை இதற்குள்ளேயே முடித்துவிட முடியும். அவ்வளவு தூரம் நம்புகிறார்கள். அதன் விலை கோடிகளில்.

வீட்டு நாற்காலி இதன் கொள்ளுப்பேரன். ஜாடை இருக்கிறது. வலு இருக்கிறதா?

பேரனைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போனேன். ஒரு விளையாட்டுக் கூடத்தில் இப்படிப்பட்ட இருக்கை வைத்திருந்தார்கள். முதலில் அவன், பிறகு நான். ஓடுபாதையில் விமானம் வேகமெடுத்தபோது முதுகை யாரோ பிடித்து அழுத்துவது போல் இருந்தது. உண்மையில் நாற்காலி சற்றுப் பின்னால் சாய்ந்தது, அவ்வளவுதான். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கு, உடம்பு பின்னால் சாய்வதும் வேகமாக முன்னால் தள்ளப்படுவதும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். கண்ணுக்கு முன்னால் திரை நேராக இருப்பதால் மூளை "வேகம்" என்று முடிவு கட்டிவிடுகிறது. கெட்டிக்காரத்தனமான ஏமாற்று. எனக்குச் சிரிப்பு வந்தது. எழுபது வயது தாண்டியவனை ஒரு மோட்டார் ஏமாற்றிவிட்டது.

இருபதாவது நிமிடத்தில் வயிற்றைப் புரட்டியது. இறங்கிவிட்டேன்.

சிமுலேட்டருக்குச் சரியான பதில் கிடைத்தது மைசூர் குக்கரஹள்ளி ஏரிக்கரையில். காலை நடைக்கு வரும் ஒருவர் பல வருடம் விமானப் பயிற்சி கொடுத்தவர். விஷயத்தைச் சொன்னதும் நின்றுவிட்டார்.

"விமானம் ஒழுங்காகத் திரும்பும்போது உங்க உடம்பு எந்தப் பக்கம் சாயும்?" என்று கேட்டார்.

"திரும்புற பக்கம்தான்" என்றேன்.

"எந்தப் பக்கமும் சாயாது சார். விமானம் சாயும், ஆனா உங்க பாரம் நேரா இருக்கைக்குள்ளேயேதான் அழுத்தும். மடியில ஒரு டம்ளர் தண்ணி வெச்சிருந்தாலும் சிந்தாது. கண்ணை மூடிக்கிட்டா திரும்புறோம்னே தெரியாது. உங்க பேரன் கேக்கற நாற்காலி அந்த நேரத்துல என்ன செய்யுது?"

யோசித்துப் பார்த்தேன். திரையில் விமானம் சாய்ந்திருந்த நேரம் முழுக்க நாற்காலியும் சாய்ந்தே இருந்தது. நான் ஒரு பக்கமாகச் சரிந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதாவது நாற்காலி பொய் சொல்லியிருக்கிறது. நல்ல சிமுலேட்டர், திருப்பத்தின் தொடக்கத்தை மட்டும் உணர்த்திவிட்டு, உடம்புக்குத் தெரியாதபடி மெல்ல நடுநிலைக்கு வந்துவிடுமாம். விலை உயர்ந்த வீட்டு இருக்கைகளில் சிலவற்றை அப்படி மாற்றியமைக்கவும் முடியும். வாங்குபவர்களில் எத்தனை பேர் அந்தச் சிரமம் எடுத்துக்கொள்வார்கள்?

அவர் இன்னொன்றும் நினைவுபடுத்தினார். 1978 ஜனவரி 1ஆம் தேதி இரவு பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' ஜம்போ விமானம், புறப்பட்ட இரண்டு நிமிடத்துக்குள் கடலில் விழுந்தது. 213 பேர் இறந்தார்கள். விமானம் நேராக இருந்தபோதும், வலது பக்கம் சாய்ந்திருப்பதாகக் கேப்டனின் கருவி காட்டியது. அவர் இடது பக்கம் திருப்பிக்கொண்டே போனார். வெளியே இருட்டு, கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடே தெரியாது. அனுபவம் மிகுந்த அந்த விமானிக்கு அவருடைய உடம்பு உண்மையைச் சொல்லவில்லை. மற்றக் கருவிகளோடு ஒப்பிட்டிருந்தால் மட்டுமே தெரிந்திருக்கும்.

"மேகத்துக்குள்ள போனதும் நாங்க மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கற முதல் பாடம், உன் உடம்பை நம்பாதேங்கறதுதான்" என்றார் அவர். "நீங்க நாலு லட்சம் கொடுத்து உடம்பை நம்பப் பழக்கப்போறீங்க."

எல்லோரும் அவரைப் போல் நினைப்பதில்லை. அசைவு பயிற்சிக்கு எவ்வளவு உதவுகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையேயே ஒருமித்த கருத்து கிடையாது. பக்கத்து எஞ்சின் ஒன்று நின்றுபோவது போன்ற திடீர்ச் சம்பவங்களில், கண்ணுக்கு முன்னால் உடம்பு எச்சரித்துவிடும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அதெல்லாம் ஆறு கால் யந்திரத்தைப் பற்றிய விவாதம். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த ஒரு மணி நேரத்தைக்கூட நம் நாட்டு விமானி உரிமத்துக்கான கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். நாங்கள் விசாரித்த பள்ளியில் ஒரு மணி நேரப் பறத்தலுக்குச் சொன்ன விலையை வைத்துப் பார்த்தால், நாலு லட்சத்துக்கு ஏறக்குறைய முப்பது மணி நேரம் நிஜமாகவே ஆகாயத்தில் இருக்கலாம்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பேரனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அப்போ ஃபிளையிங் ஸ்கூலுக்கே அனுப்பு தாத்தா" என்றான். நியாயமான பதில்.

அப்போதுதான் என் மகள் வாய் திறந்தாள். "அப்பா, முதல்ல அவன் கண்ணைப் பாத்துடலாம்."

விஷயம் இதுதான். 1975இல் ரயில்வேயில் எஞ்சின் ஓட்டும் பிரிவுக்கு நான் தேர்வானேன். மருத்துவப் பரிசோதனையில் ஒரு புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார்கள். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். "என்ன எண் தெரிகிறது?" என்று கேட்டார் டாக்டர். எண்ணா? எனக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. சிவப்பும் பச்சையும் எனக்குச் சரியாகப் பிரியாது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சிக்னல் பார்க்கத் தெரியாதவன் எஞ்சினில் ஏற முடியாது. பணிமனைக்கு அனுப்பினார்கள். அவர்கள் செய்தது சரி. ஆனாலும் நான் பழுதுபார்த்த வண்டிகளை இன்னொருவர் ஓட்டிப்போவதை முப்பத்தெட்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் குறை தாயின் வழியாக வருவது. தகப்பனுக்கு இருந்தால் மகள்கள் எல்லோரும் அதைத் தாங்கிச் செல்வார்கள்; அவர்களுக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இராது. அந்த மகளுக்குப் பிறக்கும் மகனுக்கு அது வர சரிபாதி வாய்ப்பு. நாணயத்தைச் சுண்டிப் போடுவது மாதிரி. பேரன் முதல்முதலாக விமானத்தைப் பார்த்துக் கை நீட்டிய நாளிலிருந்து இந்த நாணயம் என் மகளின் மனதில் சுழன்றுகொண்டே இருந்திருக்கிறது. என் மனதிலும்தான். இரண்டு பேரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

விமானப் போக்குவரத்து இயக்ககம் அங்கீகரித்த டாக்டரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றுக்குப் போனோம். பேரன் உள்ளே உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் நான் நின்றேன். அதே புத்தகம். நூறு வருடத்துக்கு மேலாகியும் ஜப்பான்காரர் இஷிஹாராவின் புத்தகம்தான். டாக்டர் பக்கத்தைத் திருப்பினார். எனக்கு அன்று தெரிந்ததேதான் இன்றும்: புள்ளிகள்.

"பன்னிரண்டு" என்றான் பேரன். அது எனக்கும் தெரிந்தது. முதல் பக்கம் எல்லோருக்கும் தெரியும்படி அச்சிட்டது. அடுத்த பக்கம் திரும்பியது. என் கை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது.

"எட்டு" என்றான் உடனே. பிறகு ஆறு. பிறகு இருபத்தொன்பது. எனக்கு ஒன்றும் தெரியாத பக்கங்களில் அவன் தயங்காமல் எண்களைச் சொல்லிக்கொண்டே போனான். வெளியே வந்ததும் என் மகள் அவனைக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.

ஆக, என் தீர்ப்பு இது. விமானி ஆகவேண்டும் என்கிற பிள்ளைக்கு ஆடும் நாற்காலி அந்த விலைக்குத் தகாது. முதல் செலவு மருத்துவப் பரிசோதனை. இரண்டாவது, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும். பிறகு மிச்சமிருக்கும் ஒவ்வொரு ரூபாயும் உண்மையான விமானத்துக்கு. வீட்டு சிமுலேட்டர் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கருவிகளைப் படிக்கவும், செய்முறைகளை வரிசை தப்பாமல் பழகவும் அது நல்ல பள்ளிக்கூடம். அதற்கு அசையாத நாற்காலியே போதும். நாலு லட்சம் இப்போது பேரன் பெயரில் வங்கியில் இருக்கிறது. பயிற்சி முழுவதற்கும் அது எந்த மூலைக்கு என்பது எனக்குத் தெரியும், மீதிக்குக் கடன்தான். ஆனாலும் அது ஒரு தொடக்கம்.

விமானி ஆக முடியாதவர்களுக்கு? அவர்களுக்குக் கணக்கே வேறு. எனக்குத் தெரிந்து அந்த ரகத்தில் ஒருவர் இருக்கிறார். அவருக்காகப் பேரன் ஒரு காரியம் செய்தான். பழைய கார் இருக்கை ஒன்றை வாங்கி, அடியில் அதிர்வு உண்டாக்கும் சாதனம் ஒன்றைத் திருகிப் பொருத்தினான். ஒலிபெருக்கி மாதிரிதான், சத்தத்துக்குப் பதில் அதிர்வு வரும். மொத்தம் இருபதாயிரத்துக்குள் முடிந்தது. சட்டத்தை வெல்டு வைத்தது நான். அது சாயாது, சரியாது. எஞ்சினின் உறுமலும் சக்கரம் தரையைத் தொடும் அதிர்ச்சியும் மட்டும் முதுகுக்கு வரும். வயிற்றையும் புரட்டுவதில்லை.

சாயங்காலம் காப்பி குடித்த பிறகு அதில் உட்கார்ந்து மண்டகள்ளியில் இறங்கிப் பழகுகிறேன். இதுவரை பாதிக்குமேல் ஓடுபாதைக்கு வெளியேதான் இறங்கியிருக்கிறேன். பக்கத்தில் பேரன் நின்றுகொண்டு, இறக்கை நுனியில் இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை விளக்கு என்று சொல்லிக்கொடுக்கிறான். சரி என்று தலையாட்டுகிறேன்.