சுருதி சேர்ந்த சக்கரம்

அமெரிக்கா போய் வந்தவன் எழுதுகிறான் என்றால் நயாகரா நீர்வீழ்ச்சியையும் நியூயார்க் மாளிகைகளையும்தான் எதிர்பார்ப்பீர்கள். இரண்டையும் நான் பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டு வந்தது ஒரு மண் சாலை. அதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தச் சாலையில் வீணைக்கும் கொஞ்சம் சம்பந்தம் உண்டு.

ஸான்பிரான்ஸிஸ்கோ நகரிலிருந்து வடக்கே போவதற்கு, 1937-ல் திறந்த கோல்டன் கேட் பாலத்தைத் தாண்ட வேண்டும். நான் போன அன்று பாலத்தின் சிவப்புத் தூண்கள் இடுப்புக்கு மேல் மூடுபனியில் மறைந்து கிடந்தன. பாலத்தைக் கடந்து ஒரு குன்றைச் சுற்றியதும் பனி சட்டென்று விலகி வெயில் அடித்தது. அதுதான் மாரின் ஜில்லா. எங்கிருந்து பார்த்தாலும் ஒரு மலை தெரிகிறது. 2,571 அடி உயரம். பெயர் டமால்பயஸ். என் காதில் அது முதலில் 'தமிழ்' என்றே விழுந்து, ஒரு நிமிஷம் மார்பு விம்மிவிட்டது! விசாரித்ததில், அங்கே ஆதியில் வாழ்ந்த மிவோக் மக்களின் பேச்சில் வந்த பெயர் அது என்று தெரிந்தது.

அந்த ஜில்லாவில் ஸான் ரஃபேல் என்ற ஊரில் என் அக்கா குடியிருக்கிறாள். நான் போய் இறங்கியபோது வீட்டில் ஒரு பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. வாதி, அவளுடைய பதினாறு வயதுப் பிள்ளை. பிரதிவாதி அக்கா. அத்திம்பேர் நீதிபதி, ஆகையால் வாயைத் திறப்பதில்லை.

"மாமா, நீங்களாவது சொல்லுங்கள். என் சைக்கிள் சக்கரம் கல் மாதிரி கனக்கிறது. இதை வைத்துக்கொண்டு பந்தயத்தில் எப்படி ஏறுவது?"

"ஏறவே வேண்டாம் என்கிறேன். போன வருஷம் முன் சக்கரம் கோணி விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டானே, அது போதாதா? இப்போது ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்துக் கார்பன் சக்கரம் வேண்டுமாம். நீ கேட்டாயோ இந்த அநியாயத்தை?"

அங்கே பள்ளிக்கூடங்களுக்கென்றே மலைச் சைக்கிள் பந்தயச் சங்கம் இருக்கிறது. 2001-ல் வட கலிபோர்னியாவில் தொடங்கிய காரியம் அது. பையன் அதில் சேர்ந்திருந்தான். சைக்கிளோ பழசு வாங்கியது. எனக்குக் கும்பகோணத்தில் எங்கள் தெருக்கோடிச் சைக்கிள் கடை ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, கடைக்காரர் ஓவராயில் பண்ணுவதையும் சக்கரத்துக்குப் பெண்டு எடுப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தத் தைரியத்தில், "சக்கரத்தை நாமே கட்டினால் என்ன?" என்று கேட்டுவிட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

மறுநாள் அவளைச் சமாதானப்படுத்துவதற்காகவே எல்லோரும் ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்குப் போனோம். அரை மணி கூட ஆகவில்லை. 2015-லிருந்து அங்கே ஒரு சைக்கிள் மியூசியம் இருக்கிறது. ஆதிகாலச் சைக்கிள்களை எல்லாம் தாண்டிக்கொண்டு பையன் எங்களை இழுத்துப் போய் நிறுத்தியது, துருப்பிடித்த பழைய வண்டிகளின் எதிரில். பால்காரர் சைக்கிள் போல் தடித்த டயர். பின்னோக்கி மிதித்தால் பிடிக்கிற பிரேக்.

"இதுதான் அம்மா எல்லாவற்றுக்கும் பாட்டி" என்றான்.

விஷயம் இதுதான். 1970-க்குப் பிறகு இந்த ஊர் இளைஞர்கள் சிலர், 1930, 40-களில் ஷ்வின் கம்பெனி செய்த கனத்த சைக்கிள்களை யாரும் சீந்தாத விலைக்கு வாங்கி, வேண்டாததைக் கழற்றி எறிந்துவிட்டு, மலை மேல் கொண்டுபோய்க் கீழ்நோக்கி விட்டார்கள். ஊருக்கு மேற்கே பைன் மலையிலிருந்து இறங்கும் ஒரு சாலை அவர்களுக்கு வாய்த்தது. இரண்டு மைலுக்குச் சற்று அதிகமான தூரத்தில் 1,300 அடி இறக்கம். பிரேக் பிடித்துப் பிடித்து ஹப்பு கொதித்து, உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாய்ப் போய்விடுமாம். கீழே வந்ததும் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைத்தால்தான் வண்டி மறுபடி ஓடும். திரும்ப அடைப்பதற்கு ஆங்கிலத்தில் 'ரீபேக்' அல்லவா? சாலைக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. முதல் பந்தயம் 1976 அக்டோபர் 21-ந் தேதி. பின்னால் கேரி ஃபிஷர் என்பவர் 4 நிமிஷம் 22 விநாடியில் இறங்கியது இன்றுவரை பேச்சு. அவருடைய கூட்டாளி ஜோ பிரீஸ் 1977-ல் இதற்கென்றே புதுச் சட்டம் செய்தார். ஆனால் அதற்கும் போட்டது பழைய இரும்பு ரிம்தான்! ஜப்பானிலிருந்து அதே அளவில் அலுமினிய ரிம் வந்து சேர்ந்த பிறகுதான் வண்டி இலேசாகி, இறங்குகிற சைக்கிள் ஏறுகிற சைக்கிளும் ஆயிற்று. 1979-ல் ஃபிஷரும் சார்லி கெல்லியும் கடை வைத்து விற்கத் தொடங்கினார்கள்.

பழைய சாமானை வைத்து ஒப்பேற்றிய பிள்ளைகளின் கதையைக் கேட்டதும் அக்காவின் முகம் கொஞ்சம் இளகியது. சிக்கனம் என்றால் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இளகும்.

"சரி, நீங்களே கட்டுங்கள். ஆனால் எனக்குத் திருப்தியானால்தான் அவன் அதில் ஏறுவான்" என்றாள்.

சக்கரம் கட்டுவதில் எங்கே காசைப் போடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது என்பதுதான் சூட்சுமம். குடைராட்டினத்தில் ஓரத்துக் குதிரைகளில் தடித்த பிள்ளைகள் உட்கார்ந்தால் தள்ளிக் கிளப்புவது எவ்வளவு கஷ்டம்! அதே பிள்ளைகள் நடுத்தண்டை ஒட்டி நின்றால் அவ்வளவு தெரியாது. சக்கரமும் அப்படியே. வேகம் பிடிக்கும்போது ஓரத்தில் இருக்கும் ஒரு கிராம், சட்டத்தில் இருக்கும் இரண்டு கிராமுக்குச் சமம். (சீராக மலை ஏறும்போது மட்டும் எடை எங்கே இருந்தாலும் ஒன்றுதான். கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.) ஆகவே நடுவில் இருக்கும் ஹப்பை மாற்றவில்லை. குண்டுகள் நன்றாக இருந்தன; துடைத்துக் கிரீஸ் போட்டதோடு சரி. ரிம்முக்குத்தான் செலவு. அதுவும் போன வருஷத்து மாதிரி. விலை குறைத்துப் போட்டிருந்தார்கள். அக்காவின் சமையலறைத் தராசில் நிறுத்தோம். பழைய ரிம் 620 கிராம், புதியது 450.

ஸ்போக்ஸ் கம்பியில் ஒரு வகை உண்டு. இரண்டு முனையும் 2 மில்லிமீட்டர், நடுவில் மட்டும் 1.8. எடை குறைவு என்பது இருக்கட்டும். நடுவில் சற்று இழுபடும் ஆகையால் முனை ஒடியாமல் அதிக நாள் உழைக்கும். நம்மூர்ச் சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி பார்த்திருப்பீர்கள். இதற்கு இரண்டு பக்கமும் முப்பத்திரண்டே. அலுமினிய நிப்பிள் போட்டால் சக்கரத்துக்கு இன்னும் இருபது கிராம் குறையும் என்றான் பையன். நான் தடுத்துவிட்டேன். சாவி வழுக்கி முனை மழுங்கிவிட்டால் அப்புறம் யார் அழுவது? பித்தளைதான். கடைசியாக, உள் ட்யூபை எடுத்துவிட்டு, ரிம்முக்கு நாடா ஒட்டி, டயருக்குள் ஒரு பாலை ஊற்றிக் காற்றடிப்பது இப்போதைய வழக்கம். முள் குத்தினால் அந்தப் பாலே ஓட்டையை அடைத்துக்கொள்கிறது. அதில் ஏறக்குறைய 90 கிராம் மிச்சம். முன் சக்கரம் ஒன்றுக்கு மொத்தச் செலவு 120 டாலருக்குள் அடங்கியது.

சனிக்கிழமை காலை சமையலறைத் தரையில் பத்திரிகைகளை விரித்து உட்கார்ந்தோம். ஹப்பின் ஒரு பக்கத்துக்குப் பதினாறு கம்பி. எட்டு உள்ளேயிருந்து வெளியே, எட்டு வெளியேயிருந்து உள்ளே. ஒவ்வொரு கம்பியும் மற்ற மூன்றைக் கடந்து போக வேண்டும். மூன்றாவதை மட்டும் அடியில் புகுந்து பின்னிக்கொண்டு போகும். கோலத்துக்குப் புள்ளி வைத்து இழை இழுப்பது போலத்தான். ஒரு புள்ளி தவறினால் கோலம் முழுவதும் தவறும். எங்களுக்கும் தவறியது. முப்பத்திரண்டையும் மாட்டி முடித்து, ஆகா என்று தூக்கிப் பார்த்தால், வால்வுத் துவாரத்துக்கு நேர் மேலே இரண்டு கம்பிகள் குறுக்கே போகின்றன! பம்பை எங்கே மாட்டுவது? முதல் கம்பியை வால்வுக்குப் பக்கத்துத் துவாரத்தில் ஆரம்பித்திருக்க வேண்டும். கும்பகோணத்தில் பார்த்தது எனக்கு அதற்கு மேல் உதவவில்லை. எல்லாவற்றையும் அவிழ்த்தோம். அக்கா ஒன்றும் சொல்லாமல் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அது இன்னும் உறைத்தது.

இரண்டாம் தடவை வால்வு நன்றாக வழி விட்டுக்கொண்டு வந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, முன் கவையிலேயே சக்கரத்தை மாட்டி, ஒரு பிளாஸ்டிக் கட்டை இறுக்கி, அதன் நுனியை அடையாளமாக வைத்து, ரிம் உரசும் இடங்களைப் பார்த்துப் பெண்டு எடுத்தோம். நடுவில் இருக்கிறதா என்று பார்க்கச் சக்கரத்தைக் கழற்றி இடம் வலம் மாற்றிப் போட்டால் போதும். இதற்கென்று விற்கும் தாங்கியெல்லாம் தேவையில்லை. கண்ணுக்குச் சக்கரம் நேராகத்தான் ஓடியது. ஆனாலும் பையன் உதட்டைப் பிதுக்கினான்.

இதே வட்டாரத்தில் பாலோ ஆல்டோவில் ஜாப்ஸ்ட் பிராண்ட் என்று ஒரு இஞ்சினீயர் இருந்தார், 2015-ல் காலமானார். சைக்கிள் சக்கரத்தைப் பற்றி மட்டும் 1981-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். சக்கரம் மேல் கம்பிகளில் தொங்குகிறது என்றுதானே நினைக்கிறோம்? இல்லை, அடிக் கம்பிகளின் மேல் நிற்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் அவர். எல்லாக் கம்பியும் முன்கூட்டியே விறைப்பாக இழுபட்டிருக்கிறது. பாரம் ஏறும்போது மேல் கம்பியில் மாறுதல் சொற்பம். அடிக் கம்பியில்தான் விறைப்பு குறைகிறது. அது முற்றிலும் தொய்ந்துபோனால் சக்கரம் கோணிவிடும்.

"போன வருஷம் அதுதான் நடந்திருக்கும், மாமா. நேராக இருந்தால் மட்டும் போதாது. ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே விறைப்பாக இருக்கணும். அதை அளக்க ஒரு கருவி இருக்கிறது. நம்மிடம் இல்லை. தட்டிப் பார்த்து நாதத்தைக் கேட்கலாம் என்கிறார்கள். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கிறது."

எனக்கும் அப்படியே. இருவரும் ஆளுக்கொரு கம்பியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"எப்படியடா ஒரே மாதிரி கேட்கும்? அந்த மூன்றாவது அரை ஸ்வரம் இறங்கியிருக்கிறதே!"

அக்கா பதினோரு வருஷம் வீணை சொல்லிக்கொண்டவள். கல்யாணமாகிக் கடல் தாண்டும்போது வீணையும் கூடவே வந்தது. இப்போது கூடத்து மூலையில் உறைக்குள் நிற்கிறது. எப்போது கடைசியாக வாசித்தாய் என்று நான் கேட்கவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு கம்பியைச் சுண்டு விரலால் மீட்டினாள். அடுத்தது. அடுத்தது. "இது ஏறியிருக்கிறது, கால் சுற்றுத் தளர்த்து... போதும்... இதை இறுக்கு." பையன் நிப்பிள் சாவியோடு அவள் சொன்னபடி திருகினான். பிரேக் தட்டு இருக்கும் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் சுருதி வேறு. வலப்பக்கம் ஏறக்குறைய ஒரு ஸ்வரம் தாழ்ந்துதான் இருக்கும். அதை அவளே கண்டுபிடித்து, "இது பக்க சாரணி மாதிரியா? சரி சரி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இரண்டிரண்டு கம்பிகளாகக் கையில் சேர்த்து அழுத்தி நெரிக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. நெரித்ததும் சில கம்பிகள் இறங்கின. மறுபடி சுருதி சேர்த்தாள். அத்திம்பேர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவு சாப்பாடு ஒன்பதரை மணிக்குத்தான்.

ஞாயிறு காலை ரீபேக் சாலைக்குப் போனோம். இப்போது அங்கே பந்தயம் கிடையாது; மணிக்கு 15 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம். நானும் அக்காவும் அடிவாரத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்து ஏறினோம். வழியெல்லாம் சரளைக் கல். மழைநீர் அறுத்த பள்ளங்கள். பிரிஞ்சி இலை வாசனையைப் பத்து மடங்காக்கினாற்போல் ஒரு மரத்தின் மணம். பையன் முதல் பத்து கஜம் மிதித்ததும் சக்கரத்திலிருந்து 'டிங் டிங்' என்று சத்தம் கேட்டது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முறுக்கேறிய கம்பிகள் முதல் ஓட்டத்தில் முறுக்கு விட்டுக்கொள்ளும் ஓசை அது. பயப்பட ஒன்றுமில்லை என்றேன். அவள் கையை விடவில்லை.

மேலே ஏறி மறைந்தவன் திரும்ப முக்கால் மணி ஆயிற்று. முதலில் கல் உருளும் சத்தம், பிறகு புழுதி, பிறகு வளைவில் அவன். எங்கள் முன்னால் வந்து பிரேக் பிடித்து நின்றான். முகமெல்லாம் மண், பல் மட்டும் வெள்ளை.

"எப்படி இருந்தது?" என்று நான்தான் கேட்டேன்.

அக்கா அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சாலையிலேயே குந்தி உட்கார்ந்து, முன் சக்கரத்தை மெல்லச் சுழற்றிக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாக மீட்டினாள். பாதிச் சுற்றில் நின்று, அதையே மறுபடி மீட்டினாள். பிறகு நிமிராமலே கையை நீட்டினாள்.

"சாவியைக் கொடு."