ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள்

ஹிமேஜி கோட்டையின் உள்ளே நுழையும்போது செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றி, ஒரு பையில் போட்டு, கையில் எடுத்துக்கொண்டுதான் மேலே ஏற வேண்டும். பழைய மரத்தரை கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. வெள்ளைக்காரர், சீனர், பள்ளிப் பிள்ளைகள் எல்லோருமே கையில் செருப்போடு ஏறினார்கள். எனக்கு மட்டும் கால் ஒரு நொடி நின்றது. என் தாத்தா ஆம்பூர்ப் பக்கம் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்.

பிறப்பையும் தொழிலையும் வைத்துச் செய்யப்படும் பாகுபாடு பற்றிய ஒரு கூட்டத்துக்காக ஒசாக்கா போயிருந்தேன். முடிந்ததும் இரண்டு நாள் ஊர் சுற்றிக் காட்டினார் ஓர் அக்கா. புராக்குமின் சமூகத்தில் பிறந்தவர், அறுபது வயதைத் தாண்டியவர். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் வரும். எனக்கு ஜப்பானிய மொழி சுத்தமாக வராது. அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

1609இல் கட்டி முடித்த கோட்டை அது. 1993இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மதில் சுவரில் கம்பி வலைக்குள் ஒரு கல்லைக் காட்டுகிறார்கள். ஹிதேயோஷி இங்கே கோட்டை கட்டியபோது கல் போதவில்லையாம். பலகாரம் விற்ற ஏழைக் கிழவி ஒருத்தி தன் திருகைக்கல்லையே கொடுத்தாளாம். எல்லோரும் அதைப் படம் எடுத்தார்கள். உள்ளே சாமுராய்களின் கவசங்கள். கவசத்திலும் குதிரைச் சேணத்திலும் தோல் இருக்கிறது. ஹிமேஜி வட்டாரம் உப்பும் கடுகின எண்ணெயும் கொண்டு பதப்படுத்தும் வெள்ளைத் தோலுக்குப் பேர்போனது. செத்த மாட்டை உரித்துத் தோல் பதப்படுத்தியவர்களைத் தீட்டானவர்கள் என்று ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தத் தோலை மார்பில் கட்டிக்கொண்டு போருக்குப் போயிருக்கிறார்கள். கிழவியின் கல்லுக்குக் கதை இருக்கிறது. தோலுக்குக் கதை சொல்ல அங்கே ஆள் இல்லை.

மறுநாள் கோபேயில் இக்குத்தா கோயில். வாசல் தொட்டியில் கை கழுவி, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாவு தீட்டு, இரத்தம் தீட்டு என்பது ஷிண்டோ வழக்கம். ஆனால் கோயில்களில் சாமிக்கு முழங்கும் பெரிய முரசு மாட்டுத்தோல். அக்கா என் காதருகே, "முரசு உள்ளே போகலாம், செய்தவர்கள் வெளியே" என்றார். நம் பறையைப் பற்றிச் சொன்னேன். அதற்கு மேல் மொழிபெயர்க்க எதுவும் தேவைப்படவில்லை.

மாலையில் சூமா கடற்கரைப் பூங்கா. பைன் மரங்கள், மணலில் குழந்தைகள், தூரத்தில் அகாஷி பாலம். அங்கே உட்கார்ந்து இயல்பாகத்தான் கேட்டேன்: "உங்கள் ஊர் எது? நாளைக்கு அங்கே போகலாமா?"

அவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். 1871இலேயே அரசாணை போட்டு அவர்களை மற்றவர்களுக்குச் சமம் என்று அறிவித்தார்கள். 1873இல் பக்கத்து ஒகாயாமா பகுதியில் கலவரக்காரர்கள் அவர்களின் வீடுகளைக் கொளுத்தினார்கள். நூறு வருடம் கழித்து, 1975இல், ஒரு இரகசியப் பட்டியல் அம்பலமானது. புராக்குமின் வாழும் ஊர்களின் பெயர், வீடுகளின் எண்ணிக்கை, தொழில் எல்லாம் அதில் இருந்தன. 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதை விலைக்கு வாங்கியிருந்தன. எதற்கு? வேலை கேட்டு வருபவர் எந்த ஊர் என்று பார்த்துக் கழித்துக்கட்ட.

முகத்தில் வித்தியாசம் இல்லை, மொழியில் இல்லை, மதத்தில் இல்லை. ஊர்தான் அங்கே சாதி.

"நான் யார் என்று எந்த மேடையிலும் சொல்வேன். ஊர்ப் பெயரைச் சொன்னால் அங்கே இருக்கிற அத்தனை பேரையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். என் மகளின் மாமியார் வீட்டுக்கு இன்னும் தெரியாது," என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. "தம்பிக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்ற கேள்வியைச் சென்னையில் வீடு தேடிய காலத்தில் எத்தனை முறை கேட்டு எரிந்திருக்கிறேன். அதே கேள்வியைத் தோழமை என்று நினைத்து நானே கேட்டுவிட்டேன்.

நண்பர்களே, நான் ஒளிந்து வாழச் சொல்லவில்லை. 1922 மார்ச் 3 அன்று கியோத்தோவில் சுய்ஹெய்ஷா என்ற அமைப்பைத் தொடங்கிய புராக்குமின் இளைஞர்கள், தங்களை இழிவுபடுத்திய பெயரையே தலைநிமிர்ந்து அறிவித்துக்கொண்டார்கள். அறிவிப்பை எழுதிய சைகோ மங்கிச்சிக்கு அப்போது வயது 26. உங்களைவிட ரொம்பப் பெரியவர் இல்லை. ஆனால் அது அவர்களே எடுத்த முடிவு. தன் அடையாளத்தைச் சொல்வது போராட்டம். அடுத்தவர் அடையாளத்தை அவரைக் கேட்காமல் சொல்வது, நல்ல எண்ணத்தோடு சொன்னாலும், அந்தப் பட்டியலில் இன்னொரு வரி சேர்ப்பதுதான். நம் கல்லூரி விடுதிகளில் நம் தோழர்களைப் பற்றிப் பேசும்போதும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டை, கோயில், கடற்கரை என்று நிறையப் படங்கள் எடுத்தேன். அக்காவின் படம் ஒன்று இருக்கிறது, பைன் மரத்தடியில் கடலைப் பார்த்து நிற்கிறார். அதை இங்கே போடவில்லை.