சித்திரை வெயிலும் ஓர் ஒப்பாரியும்

புதுக்கோட்டைச் சீமையின் வெயிலைப் பற்றிப் புதிதாக எழுத என்ன இருக்கிறது? செம்புரைக் கல்லும் கரும்பாறையும் விரவிய மேட்டு நிலம். கண்மாய்களை நம்பி வாழும் ஊர்கள். சித்திரை பிறந்துவிட்டால் தெருநாய்கூட நிழலைவிட்டு எழாது. ஆயினும் நாம் இங்கே எழுதப் புகுந்தது அந்த வெயிலைப் பற்றியன்று. நம் வீட்டு மாடியறையில், மேசைக்கடியில் நாமே வளர்த்த ஒரு சிறு வெயிலைப் பற்றி.

2003ஆம் ஆண்டு, முதுகலை ஆய்வேட்டிற்காக அன்னவாசல், இலுப்பூர், பொன்னமராவதி வட்டாரங்களில் சுற்றி நடவுப் பாடல்களையும் ஒப்பாரிகளையும் ஒலிநாடாவில் பதிவு செய்தோம். மொத்தம் 42 நாடாக்கள். பாடிய மூதாட்டியருள் இன்று ஒருவர்கூட இல்லை. ஆய்வேடு மதிப்பெண் பெற்றது, நாடாக்கள் பரணேறின. இருபதாண்டு கழித்து, 2023 மார்கழியில், அவற்றைக் கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. நாடாவின் இரைச்சலை நீக்கித் தரும் மென்பொருள்கள் இப்போது கிடைக்கின்றன. செயற்கை நுண்ணறிவால் இயங்கும் அவை, பாட்டின் குரலையும் பின்னணியில் கத்தும் ஆட்டின் குரலையும் பிரித்தறியும். ஆனால் ஒரு நாடாவைத் துப்புரவாக்க நம் கணினி ஓர் இரவு முழுவதும் உழைத்தது.

பொறியியல் முதலாண்டு பயிலும் மகன் சொன்னான்: "அப்பா, ஓவர்கிளாக் பண்ணிடலாம். பணம் செலவில்லை."

செயலியின் துடிப்பை அதன் உற்பத்தியாளர் விதித்த அளவுக்கு மேல் உயர்த்தி ஓட்டுவதே ஓவர்கிளாக். இது புதிய வழக்கமன்று. 1998இல் வெளிவந்த இன்டெல் செலரான் 300ஏ என்னும் மலிவுச் செயலியை, 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450க்கு உயர்த்தி, விலையுயர்ந்த செயலிக்கு நிகராக ஓட்டி மகிழ்ந்தவர் உலகெங்கும் உண்டு. நம் செயலி ஆறு கருக்கள் கொண்டது. முழுச்சுமையில் 3.9 கிகாஹெர்ட்ஸில் ஓடியதை மகன் 4.2க்கு உயர்த்தினான். அவ்வேகத்தில் தடுமாறாமல் நிற்க, மின்னழுத்தத்தையும் 1.2 வோல்ட்டிலிருந்து 1.35க்கு ஏற்றினான். மார்கழிக் குளிரில் கணினி குதிரையாய்ப் பாய்ந்தது. ஏழு நாடாக்களை முடித்தோம். வட்டில் இடம் போதவில்லை என்று, துப்புரவாக்குவதற்கு முந்தைய மூலக் கோப்புகளை அழித்தும் விட்டோம். அது நம் முடிவு. மகன் தடுத்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு தேர்வுப் பணிகள் வந்து சேர்ந்தன. வேலை கோடைக்குத் தள்ளிப்போயிற்று.

2024 மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்கிற்று. கணினியும் நின்று நின்று போகத் தொடங்கிற்று. நள்ளிரவில் எழுந்து பார்த்தால் திரை இருண்டிருக்கும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை அதன் முகத்துக்கு நேரே வைத்தோம். சற்றே பயன் தெரிந்தது. உற்சாகம் மிகுந்து, மண்பானையில் நீர் குளிர்வதை எண்ணி, தண்ணீர் ஊற்றும் கூலரைக் கொண்டுவந்து நிறுத்தினோம். மகன் பதறி அதை அணைத்தான். பானையின் நீர் குளிர்வது அதன் மேனியில் கசியும் ஈரம் ஆவியாவதால். அதனால் அது அறைக் காற்றைவிடவும் குளிர முடிகிறது. செயலியின் மேல் அமர்ந்த அலுமினியத் தகடுகளுக்கோ அந்தக் கொடுப்பினை இல்லை. எத்தனை விசிறி வைத்தாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே அவை இறங்கா. கூலர் தரும் ஈரக்காற்றோ, உள்ளே படிந்த தூசியைச் சேறாக்கிப் பலகையைக் கெடுக்கும்.

அன்றிரவு ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்த்தோம். தமிழாசிரியர் கணக்கென்று வாசகர்கள் நகைக்க வேண்டா. மகன் திருத்திய கணக்கு அது. செயலி கக்கும் வெப்பம் அதன் வேகத்தின் அளவிலும், மின்னழுத்தத்தின் இருமடியளவிலும் பெருகும். வேகத்தில் நாம் பெற்றது 8 விழுக்காட்டுக்கும் குறைவு. வெப்பத்தில் கொடுத்ததோ ஏறத்தாழ 36 விழுக்காடு. முன்பு அறை வெப்பத்துக்கு மேல் 45 டிகிரி ஏறிய செயலி, இப்போது 61 டிகிரி ஏறும். மார்கழி இரவில் அறை 26 டிகிரி, கூட்டினால் 87. சித்திரையில், பகலெல்லாம் வெயில் குடித்த தளத்தின் கீழ், நம் மாடியறை இரவிலும் 38 டிகிரி, கூட்டினால் 99. செயலியின் எல்லையோ 95. எல்லையைத் தொட்டதும் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மீறினால் அணைந்துவிடும். மார்கழியில் செய்த சூதாட்டத்தைச் சித்திரையிலும் ஆடலாம் என்று நம்பியதே பிழை.

கீழ ராஜ வீதியில் கணினி பழுதுபார்க்கும் தம்பி ஒருவரிடம் எடுத்துச் சென்றோம். திறந்து பார்த்தவர், "சார், உள்ள அரைப்படி செம்மண்ணு இருக்கு" என்றார். தகடுகளின் இடுக்கெல்லாம் தெருப்புழுதி. செயலிக்கும் தகட்டுக்கும் இடையே பூசிய வெப்பப் பசை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. உலோகம் உலோகத்தின் மேல் அமர்ந்தாலும் இடையே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று தங்கும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அப்பள்ளங்களை நிரப்பவே பசை. பட்டாணியளவு போதும். மிகுந்தால் அதுவே தடை. புழுதியை ஊதி, பசையை மாற்றித் தந்தார். 7 டிகிரி குறைந்தது.

இத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரைக்குத் தேவையே இருந்திராது.

ஜூன் மாதம், வகுப்பில் ஒலிக்கச் செய்யலாம் என்று, முடித்து வைத்த ஏழில் ஒன்றைக் கேட்டோம். இலுப்பூர்ப் பக்கத்து மூதாட்டி, இறந்த தம்பிக்காகப் பாடிய ஒப்பாரி. அடி ஒன்று எழுந்து, உச்சியில் நிற்க வேண்டிய இடத்தில் 'டப்' என்றொரு வெடிப்பு. அடுத்த சொல்லைக் காணவில்லை. ஏழிலும் இத்தகைய வடுக்கள். மகன் பிரைம்95 என்னும் மென்பொருளை ஓட்டிக் காட்டினான். பகா எண்களைத் தேடுவதற்கென எழுதப்பட்ட அதை ஓவர்கிளாக் செய்வோர் உரைகல்லாகக் கொள்வர். விடை முன்னரே தெரிந்த கணக்குகளைக் கொடுத்துச் செயலி பிழையாகச் சொல்கிறதா என்று அது பார்க்கும். நம் செயலி பதினோராம் நிமிடத்தில் தவறாக விடை சொன்னது. அணைந்துபோன கணினி நம்மை எச்சரித்தது. அணையாமல் ஓடிய கணினியோ, மார்கழியிலேயே, ஓசையின்றிப் பொய் சொல்லியிருக்கிறது.

மூலக் கோப்புகள் இல்லை. இனி நாடாக்களே கதி. பரணில் ஏறினோம். அந்தப் பரண், மொட்டைமாடித் தளத்துக்கு ஒரு முழம் கீழே. கையை நீட்டியதும் தகரப்பெட்டி சுட்டது. கணினியின் சூட்டை டிகிரி டிகிரியாக அளந்துகொண்டிருந்த நாம், மூலம் கிடந்த இடத்தின் சூட்டை ஒரு நாளும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆறு நாடாக்கள் பிழைத்திருந்தன. ஏழாவது, அந்த ஒப்பாரி, சுருள் சுருளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்ல ஓட்டினோம், பாதியில் கிறீச்சிட்டு அறுந்தது. எஞ்சிய பாதியை மீட்க முடியவில்லை.

இப்போது செயலி உற்பத்தியாளர் விதித்த வேகத்திலேயே ஓடுகிறது. மின்னழுத்தத்தையும் ஒருபடி குறைத்திருக்கிறோம். கேபினெட் மேற்குச் சுவரைவிட்டுக் கீழறைக்கு வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கொரு முறை புழுதி தட்டுகிறோம். நாடாக்கள் கீழறை நிலைப்பேழையில் இருக்கின்றன. மூலக் கோப்புகளுக்கு இரண்டு படிகள், இரு வேறு வீடுகளில். 42 நாடாக்களும் அவ்வாண்டு ஐப்பசிக்குள் முடிந்தன.

"மெதுவாத்தான் ஓடுதுப்பா" என்றான் மகன்.

ஓடட்டும் என்றோம். பாடியவர் அந்த அடியை உச்சியில் நிறுத்த எடுத்துக்கொண்ட நேரத்தை எந்தச் செயலியாலும் குறைக்க இயலாது. அந்த வடுப்பட்ட கோப்பையும் அழிக்கவில்லை. வெடிப்புக்குப் பின் வரவேண்டிய சொல் எது என்று, 2003இல் கையால் எழுதிய குறிப்பேட்டில் தேடினோம். அவ்விடத்தில் நாம் எழுதியிருந்தது: "இங்கே அழுகிறார், சொல் விளங்கவில்லை. பிறகு நாடாவைக் கேட்டு எழுதுக."