தோணியில் வந்த மடக்குச் சைக்கிள்

பழைய சைக்கிள் ஒன்றின் பூர்வோத்திரத்தை அறிவது எளிதான காரியமன்று. பத்திரம் எதுவும் இராது. சாட்சி சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் மௌத்தாகிப் போயிருப்பார். எஞ்சியிருப்பவை இரும்பும், இரும்பின்மேல் பூசிய வண்ணமும், வண்ணத்தின்மேல் ஏறிய கதையுமே. சில ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடியில் இம்மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கும் பொறுப்பு நம்மை வந்தடைந்தது.

நமக்கு நன்கு அறிமுகமான குடும்பம். அக்குடும்பத்துப் பெரியவர் கொழும்புப் புறக்கோட்டையில் நெடுங்காலம் வணிகம் செய்தவர். அவர் காலமானபின், பின்கட்டில் பாய்க்கட்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு மடக்குச் சைக்கிளை வெளியே எடுத்தார்கள். உலக யுத்தத்தில் பாரசூட் படையினர் கொண்டுசென்ற சைக்கிள் இது என்று எவரோ சொல்ல, அச்சொல் வெளியூர்ப் பழம்பொருள் வியாபாரி ஒருவரின் காதுக்கும் எட்டிவிட்டது. அவர் பெருந்தொகை பேசினார். விவரம் அறிந்த ஒருவர் எழுத்தில் உறுதி தரவேண்டும் என்றும் கேட்டார். பெரியவரின் மகன் நம்மைத் தேடி வந்தார். "காக்கா, நீங்க ரெண்டு வரி எழுதித் தந்தாப் போதும்" என்றார். அவருக்குக் கடன் இருந்தது. மூத்த மகளின் கல்லூரிக் கட்டணமும் கெடு தாண்டி நின்றது. நேயர்கள் இதனை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

யுத்தச் சைக்கிள் என்பது கட்டுக்கதையன்று. பர்மிங்காம் நகரில் துப்பாக்கித் தொழிலில் தோன்றிய பி.எஸ்.ஏ. கம்பெனி 1942 முதல் யுத்தம் முடியும்வரை அதனைப் பல்லாயிரக் கணக்கில் செய்தது. 1944 ஜூன் மாதம் நார்மண்டிக் கரையில் இறங்கிய வீரர்கள் பலர் அதனைக் கையோடு சுமந்து சென்றனர். அதன் சட்டத்தில் இரட்டைக் குழாய்கள் வளைந்து இணையாக ஓடும். மேலொன்றும் கீழொன்றுமாக இரு கீல்கள். அவற்றைக் கையாலேயே திருகி இறுக்கும் விங் நட்டுகள். சக்கரங்களோ வழக்கமான பெரிய சைக்கிளுக்குரியவை.

நம்முன் இருந்ததில் ஒற்றைப் பருங்குழாய். நடுவில் ஒரே கீல். இருபது அங்குலச் சக்கரம். பார்த்த மாத்திரத்தில் வழக்குத் தீர்ந்தது எனலாம். ஆயினும் மகன் விடவில்லை. "பி.எஸ்.ஏ.ன்னு எழுதியிருக்கே காக்கா?" என்று சட்டத்தைச் சுட்டினார். எழுதியிருந்தது உண்மைதான். அம்பத்தூரில் டி.ஐ. நிறுவனம் அப்பெயரிலேயே நம் நாட்டில் சைக்கிள் செய்து வந்ததை எவரும் அறிவர். அந்த ஒட்டுச்சீட்டுகளுள் ஒன்றை, நீல எனாமல் பூசிய ஏதோ ஒரு கடைக்காரர் அழகுக்காக ஒட்டிவிட்டிருக்கிறார்.

நீலத்தை மெல்லச் சுரண்டினோம். அடியில் கரும்பச்சை. முகப்பில் நாரைத் தலைச் சின்னம் தெரிந்தது. அது நாட்டிங்காம் ராலே கம்பெனியின் முத்திரை. 1962-ல் மோல்ட்டன் என்ற பொறியாளர் சிறுசக்கரச் சைக்கிளை வெளியிட்டு இங்கிலாந்தையே திரும்பிப் பார்க்கச் செய்தார். அந்தச் சந்தையைப் பிடிக்க ராலே முயன்றதன் பயனாக 1968-ல் பிறந்தது 'ட்வென்டி'. மடக்கு வகை அதற்கும் பின்னர் வந்தது. பின்சக்கர ஹப்பைத் துடைத்தபோது ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயரும், அருகே 73 என்ற எண்ணும் புலப்பட்டன. அந்த ஹப்புகளில் செய்த ஆண்டையும் மாதத்தையும் பொறிப்பது வழக்கம். ஹப்பை இடையில் மாற்றியிருக்கலாமே என்று ஒருவர் வாதிடக்கூடும். பெடல் அச்சின் கப்பைக் கழற்றிப் பார்த்தோம். பிற கம்பெனிகளின் கப்பில் அங்குலத்துக்கு 24 புரிகள். ராலேயில் மட்டும் 26. எண்ணிப் பார்த்தால் 26.

பித்தளைச் சல்லடைகளில் முத்துக்களைச் சலித்து, அளவு பிரித்து விலை பேசிய கரை இது. 1961 வரை இங்கு முத்துக்குளிப்பு நடந்தது. துளைவழியே விழுந்துவிட்ட முத்தைப் பெருமுத்தென்று விற்க எந்த வணிகராலும் இயலாது. நாமும் இரண்டு வரி எழுதித்தான் கொடுத்தோம்: ராலே ட்வென்டி, மடக்கு வகை, 1973. வியாபாரி அத்தோடு போய்விட்டார். மகன் இரண்டு மாதம் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஆளனுப்பியது அவருடைய தாயார்தாம். ஆண்டு எதுவென்று மறுபடியும் கேட்டார். சொன்னோம். "சரியாத்தான் இருக்கு தம்பி. எழுபத்தாறுல நோன்புப் பெருநாளைக்கு முந்துன தோணியில அவுக அனுப்பிவச்சது. பழசாத்தான் வாங்குனாக. இவனப் பின்னால வச்சுத்தான் பள்ளிக்கூடம் கொண்டுபோவாக. யுத்தமாவது ஒண்ணாவது!" என்றார். இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை என்று நாம் கேட்கவில்லை. மகனின் கடன் அந்த அம்மையாருக்கும் தெரியும். "ஓடுற மாதிரி ஆக்கித் தாங்க" என்று மட்டும் சொன்னார்.

உப்பளக் காற்று இரும்பை எவ்வாறு தின்னும் என்பதை இவ்வூரார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. சீட்டுத் தண்டு சட்டத்தோடு ஒன்றாய் இறுகிக் கிடந்தது. டீசலும் எண்ணெயும் கலந்து ஒன்பது நாள் ஊற்றி, மெல்லச் சூடேற்றிய பிறகே அசைந்து கொடுத்தது. சுத்தியலால் அடிப்போம் என்றவர்களை நாம் கிட்டவே விடவில்லை. ஹப்பினுள் யாரோ தேங்காயெண்ணெய் விட்டிருந்தார்கள். அது பிசினாகி மூன்று கியரையும் பூட்டியிருந்தது. மண்ணெண்ணெயில் இருமுறை ஊறவைத்துக் கழுவி, நயமான எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டோம். பழைய கப்புகளையே துடைத்து, குண்டுகளை மாத்திரம் புதிதாகப் போட்டோம். 24 புரிக் கப்பை முறுக்கி ஏற்றினால் சட்டமே கெட்டுப்போகும். ஹேண்டில்பாரின் மேற்பகுதியில் இந்த வகைக்கு நைலான் புஷ் ஒன்று உண்டு, அது உடைந்திருந்தது. தோணி எஞ்சின் வேலை செய்யும் லேத்துப் பட்டறையில் நைலான் கட்டையிலிருந்து கடைந்து கொடுத்தார்கள். அசலினும் நன்றாகவே பொருந்திற்று. டயருக்கு அலைய நேரவில்லை. இருபது அங்குலம் என்ற பெயரிலேயே 451, 406 மில்லிமீட்டர் என இரண்டு ரிம் அளவுகள் உண்டு. நம் கையிலிருந்தது 406. சிறுவர் சைக்கிள் டயர் கச்சிதமாக உட்கார்ந்தது.

புது வண்ணம் பூசவேண்டும் என்றார் மகன். ஆம், அவர் வரத் தொடங்கிவிட்டார். மாலைதோறும் வந்து கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாம் இசையவில்லை. நீலத்தை மட்டும் நீக்கி, பச்சை எஞ்சிய இடத்தை அப்படியே விட்டு, வெற்றிரும்பு தெரிந்த இடங்களுக்கு நிறமற்ற வார்னிஷ் பூசினோம். பின் கேரியரில் குழந்தையின் செருப்புத் தேய்த்த வடு இருபுறமும் இருக்கிறது. அதன்மேல் பூச்சு வேண்டாமென்று அவரே சொல்லிவிட்டார்.

கட்டணத்தை அவர் மூன்று தவணையாகக் கட்டி முடித்தார். இப்போது மகள்தான் கடற்கரைச் சாலையில் அந்தச் சைக்கிளை ஓட்டுகிறாள். இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவே சிலசமயம் மிதி வெறுமனே சுழல்கிறது. கியர்க் கம்பியின் நுனியிலுள்ள சிறு சங்கிலி தேய்ந்துவிட்டது. 2000-க்குப் பின் தைவானில் செய்யப்படும் அதே பெயர் ஹப்பின் சங்கிலி இதற்கும் சேரும். சென்னையில் ஒரு கடைக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.