எமது ஜீப்பும் அதன் எல்லையும்

பாதை உள்ள இடத்தில் செல்லும் வண்டிகள் பல. பாதை முடிந்த இடத்திற்கு அப்பாலும் செல்லவல்ல வண்டிகள் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்றை, பாதை முடியாத ஊரொன்றில் வைத்துக் காப்பாற்றி வருகின்றோம் யாம். ஆதலின், "இந்த ஜீப்பு இங்கே எதற்கு?" என்னும் வினா எம்மை விடாது தொடர்கின்றது. கல்லூரியின் பழைய மாணவர் கூட்டத்திற்குச் செல்லும்போதெல்லாம் இளைஞர் சிலர் மற்றொரு வினாவையும் விடுக்கின்றனர்: "நாங்களும் அத்தகைய வண்டியொன்று வாங்க எண்ணியிருக்கிறோம், எதை வாங்கலாம், ஐயா?" இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே என்பது எம் கருத்து. அதனைச் சிறிது விரித்துரைக்கப் புகுகின்றோம்.

யாம் வாழும் ஊர் குமணன்சாவடி. மேற்கே பூவிருந்தவல்லி, கிழக்கே போரூர், வடக்கே ஆவடி, தெற்கே மாங்காடும் குன்றத்தூரும். குமணன் என்ற பெயர் பழந்தமிழ் வள்ளல் ஒருவனை நினைவூட்டும். சாவடி என்ற சொல்லோ வழிநடைக் களைப்பாற அமர்ந்த மக்களை நினைவூட்டும். இன்று இங்கே பெருஞ்சாலையும், அதன்மேல் மெட்ரோ ரயிலுக்கென எழுந்த தூண்களும், இடைவிடாத வண்டிகளின் ஆரவாரமுமே காணப்படும். மலையுமில்லை, காடுமில்லை. இவ்விடத்தில் ஜீப்பு வைத்திருப்பது குளமில்லாத ஊரில் ஓடம் வைத்திருப்பது போலாம் என்று அயலார் நகைப்பதில் வியப்பில்லை.

அவ்வண்டி எம்மிடம் வந்த வரலாறு இது. பழனிமலைச் சரிவில் காப்பித் தோட்டம் வைத்திருந்த எம் தாய்மாமன் அதனை 1994-இல் வாங்கினார். காப்பிக் கொட்டை மூட்டைகளும், உரமும், நோயுற்ற கூலியாட்களும், ஒருமுறை பிரசவ வேதனையுற்ற ஒரு பெண்ணும் அவ்வண்டியில் மலையிறங்கியதுண்டு. 2011-இல் தோட்டத்தை விற்றபோது அவர், "வண்டியை மட்டும் விற்க மனம் வரவில்லை; நீ வைத்துக்கொள்" என்றார். தாய்மாமன் சொல்லைத் தட்டுவது எங்ஙனம்?

இனி, ஜீப்பென்னும் இனம் தோன்றிய விதத்தைச் சுருங்கக் கூறுவோம். 1940-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையினர், எடை குறைந்ததும் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்வதுமான ஒரு சிறு வண்டியை வேண்டினர். பாண்டம் என்ற சிறிய கம்பெனி முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பின்னர் வில்லிஸ், போர்டு என்னும் பெரிய கம்பெனிகள் அதனைத் திருத்தி, யுத்தம் முடிவதற்குள் 6 லட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்து குவித்தன. அவ்வில்லிஸ் வண்டியின் எஞ்சின் 60 குதிரைத்திறனே உடையது. நம் நாட்டில், 1945-இல் மகீந்திரா அண்ட் முகம்மது என்று தொடங்கி 1948-இல் மகீந்திரா அண்ட் மகீந்திரா எனப் பெயர் மாறிய கம்பெனியார், 1947 முதல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புக்களைப் பூட்டி விற்கலாயினர். 1985-இல் மாருதியார் ஜிப்ஸியை வெளியிட்டனர். இன்றும் சூரியநெல்லியினின்று ஏறத்தாழ 8,000 அடி உயரமுள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திற்குக் கல்லும் குழியுமான வழியில் ஏறுவோர் ஜீப்பையே நம்புகின்றனர். யுத்தத்திற்குப் பிறந்த வண்டி உழவனுக்கும் தோட்டக்காரனுக்கும் ஊழியம் செய்ய வந்தது நன்றே.

இவ்வண்டியின் வலிமை எஞ்சினில் மட்டும் இருப்பதன்று. சாதாரண வண்டியில் முன்னிரு சக்கரங்களோ பின்னிரு சக்கரங்களோ மட்டும் இழுக்கும். இதில் நான்கும் இழுக்கும். இதனுடன் தாழ்ந்த கியர் வரிசையொன்றும் உண்டு. அதனை இட்டால் வேகம் குறைந்து, இழுவிசை ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். செங்குத்தான ஏற்றத்தில் ஏறுவதைவிட, இறக்கத்தில் பிரேக்கைத் தீய்க்காமல் மெல்ல இறங்குவதற்கே இது பெரிதும் பயன்படும் என்பர் மலைநாட்டு ஓட்டுநர்.

எனினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. வளைவில் திரும்புகையில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தினும் மிகுதியான தூரம் ஓடவேண்டும். அதற்கு இடங்கொடுப்பது டிபரென்ஷியல் என்னும் உறுப்பு. அதே உறுப்பு, ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பிழந்தால் அதனை வீணே சுழலவிட்டு மற்றதை அசையாது நிறுத்திவிடும். ஆகவேதான் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக் சில வண்டிகளில் வைக்கப்படுகின்றது. அஃதில்லாத வண்டி, நான்கு சக்கர விசை இருந்தும், மூலைக்கு மூலை இரு சக்கரங்கள் பிடிப்பிழந்தால் நின்றுவிடும். மேலும், எம்முடையது போன்ற பழைய அமைப்பில் முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பிணைக்கப்படுவதால், உலர்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர விசையைப் பூட்டி ஓட்டலாகாது. திரும்புந்தோறும் உறுப்புக்கள் ஒன்றையொன்று முறுக்கித் தேயும்.

மணலில் செல்வதற்குரிய பாடத்தை எம் அயலூராகிய ஆவடியே கற்பிக்கும். அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் செய்யப்படும் அர்ஜுன் டாங்கி ஏறத்தாழ 60 டன் எடையுள்ளது. எனினும் அதன் அகன்ற சங்கிலித் தடம் எடையைப் பரப்பிவிடுவதால், தரையின்மீது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விழும் அழுத்தம் ஒரு கிலோவிற்கும் குறைவே. காற்று நன்றாக நிரம்பிய கார் டயரோ ஏறத்தாழ இரண்டு கிலோ அழுத்தும். மணலில் புதையும் டயரின் காற்றைச் சிறிது இறக்கினால் அது அகன்று பரவி வண்டி மேலேறிவிடுவதன் காரணம் இதுவே. தார்ச்சாலைக்குத் திரும்பியவுடன் காற்றை மீண்டும் நிரப்புதல் வேண்டும். இன்றேல் டயர் சூடேறிக் கெடும்.

பழைய வண்டி வைத்திருப்போர்க்கு நோய் நாடும் பொறுமை வேண்டும். ஒருகால் எம் ஜீப்பு நாற்பது கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் ஸ்டீயரிங் கைக்கடங்காமல் நடுங்கலாயிற்று. ஒருவர் ஸ்டீயரிங் பெட்டியையே மாற்றவேண்டும் என்றார். மற்றொருவர் வண்டியையே மாற்றவேண்டும் என்றார். எம் ஊர்க் கொட்டகையில் வேலை செய்யும் முதிய மெக்கானிக்கோ ஒன்றும் பேசாது டயர்க் காற்றைப் பார்த்தார். சக்கர நட்டுக்களை முடுக்கினார். பின்பு முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, மேலும் கீழும் இரு கைகளாலும் பற்றி அசைத்தார். சக்கரம் ஆடிற்று. "பெட்டியில் குற்றமில்லை, ஐயா. கிங்பின் பேரிங் தேய்ந்திருக்கிறது" என்றார். பெருஞ்செலவு சிறு செலவாய் முடிந்தது. செலவில்லாததை முதலிலும், எளியதை அடுத்தும், அரியதை இறுதியிலும் சோதிக்கவேண்டும் என்பதே அவர் முறை. டீசல் எஞ்சின் கிளம்பிக் கிளம்பி நின்றாலும் இம்முறையே பயன்படும். பம்பைக் குறைகூறுமுன் எண்ணெய்க்குழாயில் காற்றுப் புகுந்துளதா, பில்டர் அடைத்துளதா என்று பார்த்தல் வேண்டும். எந்நோய்க்கும் பெரிய மருந்தையே முதலில் கொடுக்கும் வைத்தியனிடம் யார் செல்வர்?

நிற்க. இவ்வண்டியின் எல்லையை எமக்கு நன்குணர்த்தியது 2015-ஆம் ஆண்டு வெள்ளம். டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையால் எம் ஊருக்கு அணித்தேயுள்ள செம்பரம்பாக்கம் ஏரியினின்று விநாடிக்கு 29,000 கன அடி வரையில் நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் இரு கரைகளும் மூழ்கின. மணப்பாக்கத்தில் வாழ்ந்த எம் அத்தை வீட்டுக் கீழ்த்தளத்தில் நீர் புகுந்துவிட்டது. அவர் இன்சுலின் இன்றி இருக்கலாகாத நோயாளி. மறுநாட் காலையில் மருந்தும் பாலும் ரொட்டியும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். போரூரைக் கடந்து மணப்பாக்கத்தை அணுகியபோது சாலை ஆறாகியிருந்தது. "ஜீப்புதானே, ஐயா! இறக்குங்கள், போய்விடும்" என்று கூடியிருந்தோர் ஊக்கினர்.

யாம் இறங்கி ஒரு மூங்கிற்கழியை ஊன்றிப் பார்த்தோம். நீர் சக்கரத்தின் குடத்தைக் கடந்து இடுப்பளவு இருந்தது, ஓட்டமும் இருந்தது. ஓடும் நீர் இரண்டடி இருந்தாலே பெரிய வண்டிகளையும் அடித்துச் செல்லவல்லது. எஞ்சினின் மூச்சுக்குழாயில் நீர் புகுந்தால், நீர் சுருங்காத பொருளாதலின், பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். நீரில் நின்றுபோன எஞ்சினை மீண்டும் கிளப்ப முயல்வதும் அக்காரணத்தாலேயே தகாது. 2020-இல் வெளிவந்த புதிய தார் வண்டிக்கும் அதைச் செய்தோர் வகுத்துள்ள நீராழ வரம்பு 650 மில்லிமீட்டரே. எம் பழைய வண்டிக்கு வேறு என்ன நியாயம் இருத்தல் கூடும்? வண்டியை மேட்டில் நிறுத்தினோம். மீனவ இளைஞர் சிலர் கொணர்ந்த படகில் மருந்து சென்றது. இரண்டு மணி நேரங்கழித்து அதே படகில் அத்தையும் வந்து சேர்ந்தார். அரிப்புண்டு குழியாய்க் கிடந்த வழிகளில், தாழ்ந்த கார்கள் நின்றுவிட்ட இடங்களையெல்லாம் கடந்து, அவரைக் குமணன்சாவடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஜீப்பு. படகின் வேலை படகினுடையது. ஜீப்பின் வேலை ஜீப்பினுடையது. அன்று நீரில் இறக்கியிருந்தால் இரு வேலையும் கெட்டிருக்கும்.

திருவள்ளுவர் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்து, அதில் பாரம் மிகுந்தால் அச்சு முறியும் வண்டியையும் உவமையாக வைத்தார். வண்டி வாங்குவோர்க்கு அதனினும் சிறந்த வழிகாட்டி உண்டோ?

இளைஞர்காள்! வாங்குமுன் உங்களையே சில கேள்விகள் கேளுங்கள். ஆண்டில் எத்தனை நாள் தாரில்லாத வழியில் செல்வீர்கள்? அவ்வழி சேறா, மணலா, மலையா? உடன் வரும் பெற்றோர் உயரமான படியேறி அமர வல்லவரா? பழுது நேர்ந்தால் பார்க்கத் தெரிந்தவரும், மாற்றுறுப்புக்களும் அருகில் கிடைப்பரா, கிடைக்குமா? விலையன்றி, டயர், எண்ணெய், இன்ஷூரன்ஸ் ஆகியவற்றையும் சம்பளம் தாங்குமா? தோற்றத்தில் மயங்காதீர்கள். 2023 முதல் தார் வண்டியே பின்சக்கர விசை மட்டும் உடையதாகவும் விற்கப்படுகின்றது. நகருக்குள் ஓட்டுவோர்க்கு அது குறையன்று, ஆனால் நான்கு சக்கர விசையென்று எண்ணி வாங்கினால் ஏமாற்றமே. ஏ.டி.வி. என்னும் திறந்த நாற்சக்கர வண்டி தோட்டத்திற்கும் விளையாட்டுத் திடலுக்கும் உரியது, பொதுச்சாலைக்கு உரியதன்று. பழைய வண்டி வாங்குவோர் வர்ணத்தைப் பாராமல் கீழே படுத்துச் சேஸிஸின் துருவைப் பாருங்கள். கியர் எண்ணெயைத் தொட்டுப் பாருங்கள். அது பாலேபோல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துளது என்று அறிக. வண்டியின் அமைப்பை மனம்போல் மாற்றலாம் என்றும் எண்ணற்க. பதிவில் குறித்த மூல அமைப்புக்கு மாறாகத் திருத்துதல் கூடாதென உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்துளது. முன்புறத்தில் பூட்டும் இரும்புத் தடுப்புக்களையும் மத்திய அரசு 2017 டிசம்பரில் விலக்கியது.

2024-இல் எம் வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. முதற் பதினைந்து ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டுசென்று புதுப்பித்தல் வேண்டும். இது நான்காம் முறை. புகையும் விலையும் கருதி, விற்றுவிடலாம் என்றனர் வீட்டார். அவர் சொல்லிலும் நியாயமுண்டு. இரு வாரம் யோசித்தபின், நாளும் ஓட்டுவதற்கு ஒரு சிறு காரும், ஜீப்புக்கு மாதம் சில நாள் மட்டும் வேலையும் என்று ஏற்பாடு செய்துகொண்டோம். இப்பொழுது அது மாதந்தோறும் மாமனைக் கண் வைத்தியத்திற்கு அழைத்துச் செல்கின்றது. எண்பதைக் கடந்த அவர் முன்னிருக்கையில் அமர்ந்து, கியர் மாறும் ஓசையைச் செவிமடுத்து, "கிளட்சைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லப்பா" என்கிறார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கின்றது.